அக்கா முகத்தில் விழுந்த கட்டங்கள்

அக்கா முதலில் பூசணிக்காயாகத்தான் வந்தாள்.

கம்ப்யூட்டர் திரையில் சொல்கிறேன். கல்யாண கேசட்டுகளை சிடியாக மாற்றிக் கொடுக்கும் கடை ஒன்றைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நடத்திக்கொண்டிருந்த காலம். ஊரார் தாலியை எல்லாம் பிசகாமல் தகட்டில் ஏற்றிக் கொடுத்தவன், சொந்த அக்கா கல்யாணத்தை ஏற்றும்போது அகலத்துக்குப் போட வேண்டிய எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டேன். பழைய டிவிக்கு எடுத்த படம் அகலத் திரைக்கு இழுபட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் பீடத்தின் முன்னால் உப்பிப்போய் முழந்தாளிட்டிருந்தார்கள். சாமியார்கூடப் பக்கவாட்டில் பெருத்திருந்தார். அக்கா இருந்திருந்தால் கடையைக் கொளுத்தியிருப்பாள்.

அவள் இல்லை. அதற்கு முந்தின தவக்காலத்தில் போய்விட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தில் முடி மொத்தமும் கொட்டி, கடைசி வரை தலையில் துண்டோடுதான் இருந்தாள். அவள் மகளுக்கு நினைவு தெரிந்து பார்த்த அம்மா, துண்டு கட்டிய அம்மா மட்டும்தான்.

"மாமா, அம்மாவுக்கு முடி இருந்துச்சா?" என்று ஒருநாள் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இருந்துச்சாவா? உங்கம்மா சடைய வச்சு அய்யலூர் சந்தையில ஆடு கட்டலாம் தாயி."

அவள் நம்பவில்லை. நான் வாயைத் திறந்தால் வருவது என்ன என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "காட்டுங்க" என்றாள்.

ஆல்பத்தில் காட்ட வழியில்லை. எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் பெண் தலைக்கு மேல் வெள்ளை நெட்டும் பூக்கிரீடமும் வந்துவிடும். கோவிலிலும் வரவேற்பிலும் அதே கோலம்தான். முடி தெரிவது கேசட்டில் ஒரே ஓர் இடத்தில். சாப்பாடு முடிந்து, சேலை மாற்றி, சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை ஊரான ரெட்டியார்சத்திரத்துக்குக் காரேறப் போகிற இடம்.

பூசணிக்காயைச் சரிசெய்தேன். மெலிந்தாள். அடுத்து, அவள் நடக்கும்போதெல்லாம் உடம்பின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்தது. டிவிக்கு எடுக்கும் படம் ஒரு வரி விட்டு ஒரு வரியாக இரண்டு பாதியாய் வரும்; கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது அசைகிற ஆள் மட்டும் கிழிவார். அதற்கும் ஒரு வழி உண்டு, செய்தேன். பிறகு கட்டங்கள் வந்தன. ஆள் அசைந்தால் போதும், படம் சின்னச் சின்னச் சதுரமாக உடைந்தது.

பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிறவர் எட்டிப் பார்த்தார். "மூணு மணி நேரத்த ஒரே சிடியில திணிச்சிருக்கீரா? அப்பு, தைப்பூசத்துக்குப் பழனி பஸ்ல ஏறுன கூட்டமாட்டம் நசுங்காம என்ன செய்யும்?"

மூன்று சிடியாகப் பிரித்தேன். கோவிலில் கட்டம் போயிற்று, பந்தியில் போயிற்று. காரேறும் இடத்தில் மட்டும் போகவில்லை. அக்கா திரும்பி நேராக கேமராவைப் பார்க்கிறாள். அவள் மட்டும் பெரிய பெரிய கட்டமாகி நிற்கிறாள். சுருக்காத மூல ஃபைலைத் திறந்தேன், அதிலும் அப்படியே.

அதற்குப் பிறகு நான் செய்ததை எல்லாம் தொழில் தெரிந்தவன் செய்யமாட்டான். வயரை மாற்றினேன். கேசட் ஓட்டும் டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். அது முடிந்ததும், அக்கா ஃபைல் நான் அழித்த ஹார்டு டிஸ்கில் இருந்ததா இன்னொன்றிலா என்ற சந்தேகம் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வேர்த்து நனைந்தேன். இன்னொன்றில்தான் இருந்தது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவருக்கு வீடியோ கேப்ச்சர் கார்டு பற்றி என்ன தெரியும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி: கேசட்டை மறுபடி ஓட்டுவது. ஆனால் டேப் முழுக்க வெள்ளைப் பூசணம். முதல் தடவையே கீச்சுக் கீச்சென்று அழுதுகொண்டுதான் ஓடியது. இன்னொரு தடவை ஓட்டி அறுந்தால், இருப்பதும் போகும். அந்த முடிவைத் தனியாக எடுக்க எனக்குத் தைரியமில்லை. அக்கா வீட்டுக்காரருக்கு, என் மச்சானுக்கு, போன் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்தார். வாத்தியார், சாக்பீஸ் தூள் சட்டையிலேயே இருந்தது.

"அறுந்தா அறுந்துட்டுப் போகுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மச்சான். ஓட்டிப்புடுறேன்."

"முதல்ல எங்கன்னு காட்டு மாப்ள."

காட்டினேன். அவர் திரைக்குக் கிட்டே குனிந்து செத்த நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இத ஏன் சரி பண்ணுற? இது அவ போடச் சொன்னது."

கல்யாணம் முடிந்தபின் பொண்ணும் மாப்பிள்ளையும் ஸ்டுடியோவுக்குப் போய், மிக்ஸிங் போடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே எந்தப் பாட்டு, எங்கே பூ விழணும், எங்கே இதயத்துக்குள் முகம் வரணும் என்று சொல்லிவிட்டு வருவது அப்போது வழக்கம். அங்கேதான் அக்கா கேட்டிருக்கிறாள்.

"கட்டம் கட்டமா மறைக்குமாமே, அத இந்த எடத்துல போடுங்கண்ணேன்னா. நல்லாருக்காதும்மான்னு அந்த ஆளு எம்புட்டோ சொன்னாரு. உங்க எல்லாத்துக்கும் முதுகக் காட்டித் திரும்புனப்பத்தான் அழுதா; அழுகுற மூஞ்சி, எங்கம்மா பாக்கக் கூடாதுன்னுட்டா."

எங்கள் வீட்டில் அக்கா கல்யாணத்தைப் பற்றிய பெருமையே அதுதான்: பொண்ணு சிரித்துக்கொண்டே காரேறினாள். நானும் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். கேசட்டை நான் பார்த்தது ஒரே தடவை, வீடு நிறையச் சொந்தக்காரர்களோடு. அதிலும் சாம்பார் வாளியோடு நான் வருகிற இடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னேன். காரேறும் இடம் வருவதற்குள் கரண்டு போய்விட்டது.

"ரொம்ப அழுதுச்சா?" என்று கேட்டேன்.

"ரெட்டியார்சத்திரம் வர்ற வரைக்கும்" என்றார் மச்சான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, சாக்பீஸ் தூளை அதில் நன்றாக அப்பிக்கொண்டு மறுபடி மாட்டினார்.

கேசட்டை ஓட்டவில்லை. அந்தக் காட்சிக்குச் சிடியில் இன்னும் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டு, மறுபடி சுருக்கினேன். அக்கா போட்ட கட்டத்தின் மேல் என் கம்ப்யூட்டர் போடும் கட்டமும் சேர்ந்துவிடக் கூடாது. அவளுடையது மட்டும் ஓரம் சுத்தமாக நிற்க வேண்டும். கட்டத்தை நீக்கத் தெரியாமல் தவித்தவன், அதைக் காப்பாற்ற ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவர்கள் வீட்டு டிவியில் போட்டோம். அக்கா மகள் கோவிலையும் பந்தியையும் பார்த்தாள். காரேறும் இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, எழுந்து டிவி கிட்டே போனாள்.

"இந்தக் கறுப்புக் கட்டமெல்லாம் முடியா மாமா?"

"ஆமா தாயி."

உச்சியிலிருந்து ஒரு கட்டத்தையும் விடாமல் விரலை வைத்து வைத்துக் கீழே இறங்கினாள். தோள், மார்பு, இடுப்பு. கறுப்பு முடியவில்லை. திரை முடிந்துவிட்டது.

"இம்புட்டா?"

"அதுக்கு மேலயும்."

விரல் திரும்ப மேலே போய், முகம் இருக்க வேண்டிய இடத்தில், பழுப்புக் கட்டங்களின் மேல் நின்றது.

"அம்மா இதுல சிரிக்குதா, அழுவுதா?"

மச்சான் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் பொய் சொல்வது என் இலாகா. அன்றைக்கு நான் டிவிக்குப் பின்னால் குனிந்து, சரியாக இருந்த வயரைச் சரிசெய்தேன்.

"சிரிக்குது" என்றார் அவர்.