பத்தியம் இல்லாமலே இறங்கிய சர்க்கரை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதக் காலையில், மதுரை கே.கே. நகரில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனைக்கு என் மனைவியின் தம்பியோடு போயிருந்தேன். நான் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஜன்னலில் டோக்கன், எதற்கு வெறும் வயிறு, எதை எங்கே காட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. குடும்பத்தில் யாருக்கு நோய் வந்தாலும் துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். நோயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்வேன்.

மைத்துனருக்கு ஒரு வழக்கம். எங்கள் ஊர்ச் சர்க்கரைக்காரர்கள் பலருக்கும் உள்ளதுதான். பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் புரோட்டா இல்லை, கறிதோசை இல்லை, மாத்திரை வேளை தவறாது. ரத்தம் கொடுத்த கையோடு எல்லாம் பழையபடி. மேலதிகாரி ஆய்வுக்கு வரும் வாரத்தில் மட்டும் கூட்டிப் பெருக்கிய எங்கள் அலுவலகத்துக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், அது எதற்கு என்று விட்டுவிடுவார்.

அன்றும் ரிப்போர்ட்டை ஆட்டிக் காட்டினார். "மச்சான், பாத்தீகளா, நார்மல்! இம்புட்டுத்தான் மேட்டரு. டாக்டரப் பாத்துட்டு நேரா கறிதோசைக்குப் போறோம்."

"ஒரு வாரம் ஒழுங்கா இருந்ததுக்கு இம்புட்டுப் பெரிய விருதா மாப்ள?" என்றேன்.

புதிதாக வந்திருந்த பெண் மருத்துவர் இந்த முறை விடவில்லை. சிறுநீரையும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் பார்க்கச் சொல்லியிருந்தார். அந்த முடிவுகள் அவர் மேஜையில் இருந்தன. மூன்று மாதச் சராசரி மிகவும் கூடுதல், சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போகிறது, சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது என்றார்.

"பல் தேய்க்கிறப்ப ரத்தம் வருதாங்க?"

"அது வருசக்கணக்கா வருது டாக்டர். அதுக்கும் கிட்னிக்கும் என்ன?"

அவர் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை கூடியே இருந்தால் உடம்பு அதை ஆறாத காயமாக எடுத்துக்கொள்கிறது. காவலுக்கு வரும் ரத்த அணுக்கள் சிறுநீரகத்துக்குள் புகுந்து, திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஓயாத அழற்சியில் வடிகட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகிறது. சீழ் பிடித்த ஈறும் தன் பங்குக்கு அந்தத் தீயை வளர்க்கிறது.

மைத்துனர் குரல் இறங்கிவிட்டது. "இனிமே நெசமாவே பத்தியம் இருந்தா தழும்பு போயிருமா டாக்டர்?"

"இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கலாம். போனது வராதுங்க."

எந்த உத்தரவுக்கும் மேல்முறையீடு எங்கே என்று தெரிந்தவன் நான். இதற்கு மட்டும் எந்த ஜன்னலும் இல்லை.

அதன்பிறகு மைத்துனர் உண்மையிலேயே பத்தியம் இருந்தார். ஈறுக்கு வைத்தியம் செய்தார், மாத்திரையையும், புதிதாக எழுதிக் கொடுத்த இன்சுலின் ஊசியையும் விடவில்லை. ஆனால் காலம் கடந்திருந்தது. போன வருடம் முகமும் காலும் வீங்க ஆரம்பித்தன. ஒருநாள் மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும், வீட்டில் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார். இன்னொன்றையும் சொன்னார். சிறுநீரகம் ஓய்ந்துவிட்டால் இன்சுலின் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும். அதனால் சர்க்கரை தானாகவே இறங்கும்.

வெளியே வந்தேன். மைத்துனர் வீங்கிய முகம் முழுக்கச் சிரிப்போடு ரிப்போர்ட்டை நீட்டினார்.

"ஊசியக் கொறச்சும் ஏறல மச்சான். நேத்துக் கல்யாண வீட்டுல ஜாங்கிரி வேற தின்னேன். அப்பயும் நார்மல்! நோய் விட்டுப்போச்சு போல. அக்காவுக்கு ஒரு போனப் போடுங்க."

"போடுறேன் மாப்ள" என்று மட்டும் சொல்லி, போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருக்கும் அழைக்காமல் நின்றேன்.

இப்போது வாரந்தோறும் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். வரிசையில் யாராவது "நார்மல்" என்று காகிதத்தைக் காட்டிச் சிரிக்கும்போதெல்லாம், என்னால் பதிலுக்குச் சிரிக்க முடிவதில்லை.