பெண்கள் சிறைக்கு வந்த நர்ஸம்மா

ரங்கநாயகிக்குப் பேச்சு திக்கும். அதிலும் சொந்தப் பெயரைச் சொல்வதுதான் பெரும்பாடு. முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டு, கண்ணில் நீர் முட்டும்வரை விடாது. நர்ஸிங் படித்த காலத்தில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஊசி போட்டால் வலி தெரியாத கை என்று வார்டில் பெயரெடுத்துத்தான் தொண்ணூற்று நாலில் படிப்பை முடித்தாள்.

வேலை தேடும்போதுதான் சங்கடம் ஆரம்பித்தது. காரமடையிலிருந்து பஸ் ஏறிப்போய்க் கோயமுத்தூரில் தனியார் ஆஸ்பத்திரிகளாக ஏறி இறங்கினாள். "பேரு என்னம்மா?" என்பார்கள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவரின் பார்வை அடுத்த ஆளிடம் போய்விடும். ஒரு இடத்தில் வாய்விட்டே சொன்னார்கள்: "நோயாளிக பயந்துபோவாங்கம்மா. வேற ஏதாச்சும் பாரு."

கடைசியில் வேலைவாய்ப்பு அலுவலகம் மூலமாக ஒரு அழைப்பு வந்தது. சிறையில் பெண் கைதிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை. அவளுக்கு முந்திக் கூப்பிடப்பட்டவர்கள் யாரும் சேரவில்லையாம்.

"ஏனுங்க, நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவங்க கேட்டா, செயில்ல வேலைன்னா சொல்றது?" என்று அம்மா வெங்கடம்மாள் கணவரிடம் கேட்டாள்.

அப்பா அழகிரிசாமி பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். "அங்க இருக்கறவங்களுக்கும் காய்ச்சல் வருமல்லோ" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "உனக்குப் போகோணுமா கண்ணு?"

ரங்கநாயகி தலையாட்டினாள். வேறு போக்கிடம் இல்லாமல் ஆட்டிய தலைதான் அது.

முதல் நாள் மருந்துத் தட்டோடு பெண்கள் பகுதியில் போய் நின்றாள். வரிசையில் முதலாவதாக நின்றவள் மாசாணியம்மாள். தாராபுரம் பக்கத்துக்காரி, ஆயுள் தண்டனை.

"புது நர்ஸம்மாவுக்குப் பேரென்னங்க?"

வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் அத்தனை பெண்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை, முந்திக்கொண்டு பாதிப் பேச்சைப் பிடுங்கவும் இல்லை. மாசாணியம்மாள் தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றாள்.

"மெதுவாவே சொல்லுங்க அம்மணி. நாங்க எங்க போகப்போறோம்?"

பெயரை அவள் முழுசாகச் சொல்லி முடித்தாள். அன்றைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில், ஏனென்று தெரியாமல் அழுதுகொண்டே வந்தாள்.

சில மாதம் கழித்து ஜன்னத் என்ற விசாரணைக் கைதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். இருபதைத் தாண்டாத பெண். மறுநாள் அவளுக்குக் கோர்ட்டு வாய்தா இருந்தது. "அந்தப் பயத்துல நடிக்கறா சிஸ்டர். இது இங்க எப்பவும் நடக்கறதுதான்" என்றாள் காவலுக்கு இருந்த வார்டரம்மா. டாக்டர் அன்றைய நோயாளிகளைப் பார்த்து முடித்து, சற்று முன்னால்தான் கிளம்பிப் போயிருந்தார். ரங்கநாயகி அடிவயிற்றின் வலப்பக்கம் அழுத்திக் கையை எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் ஜன்னத் துடித்துப்போனாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஜெயிலர் உத்தரவு வேண்டும். ஜெயிலர் லட்சுமணசாமி ஏதோ கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"சார்... ஜ... ஜ..."

பெயரே வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பழைய ரங்கநாயகியாக இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டாள்.

"கு... குடல்வால் மாதிரி இருக்குங்க சார்."

"இல்லீங்கய்யா, அவ நடிக்க..." என்று பின்னாலேயே வந்து ஆரம்பித்த வார்டரம்மாவை அவர் கையமர்த்தினார். "சிஸ்டர் முடிக்கட்டும்."

"வெ... வெடிச்சுட்டாப் பொழைக்கறது க... கஷ்டம். இப்பவே அனுப்போணும் சார்."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு வண்டிக்கும் காவலுக்கும் ஆள் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

சாயங்காலமே பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியனுப்பினார். தையல் ஆறித் திரும்பிவந்த ஜன்னத், "எனக்காக இப்படி யாரும் போயிக் கேட்டதில்லீங்க சிஸ்டர்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து ஒருத்திக்கு மூச்சுத் திணறியபோது, சிஸ்டரைத் தேடி முதலில் ஓடி வந்தது அதே வார்டரம்மாதான்.

மாசி மாதம் தேருக்கு லீவு போட்டு ரங்கநாயகி காரமடைக் கோயிலில் நின்றாள். பக்கத்தில் அம்மா, நல்ல வரன் அமையவேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். மகளுக்குக் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. பெண்கள் பகுதியில் இருந்தவர்களின் பெயர்களை மனசுக்குள் சொன்னாள். ஜெயிலர் பெயரும் வார்டரம்மா பெயரும்கூட வந்தன. இவர்களெல்லாம் நல்லா இருக்கோணும் சாமி என்று கும்பிட்டுவிட்டு, கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.