கதவில் ஒரு முகம், முற்றத்தில் ஒரு முகம்

தர்னோவோவுக்கு வருகிற இளவட்டங்கள் கோட்டையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, வெலிச்காவிடம் திட்டு வாங்காமல் ஊர் திரும்புவதில்லை. ஆற்றுக்கு மேலே செங்குத்தாக ஏறுகிற சந்தில் மூன்றாவது வீடுதான் விடுதி. செருப்பைக் கழற்றாமல் யாராவது உள்ளே கால் வைத்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும். திட்டுவதெல்லாம் பல்கேரிய மொழியில்தான். வந்தவர்களுக்கோ அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் இன்றுவரை ஒரு பிள்ளைகூடப் புரியாமல் நின்றதில்லை.

"செருப்பைக் கையால காட்டிட்டு மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்கணும். எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும்" என்பாள்.

வயது அறுபத்து மூன்று. இரண்டு முழங்காலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இருந்தாலும் முப்பத்திரண்டு கட்டிலுக்கும் விரிப்பு மாற்றுவது அவள்தான். அதுவும் சும்மா கட்டிலா? ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கின இரும்புக் கட்டில். மேல்தட்டுக்கு விரிப்புப் போட ஏணியில் ஏறும்போதெல்லாம், இதைக் கண்டுபிடித்தவனை வாய் நிறைய வைதுகொண்டே ஏறுவாள். இறங்கி வந்ததும் வைதது மறந்துபோகும். கீழே போய், ராத்திரி சரியாகச் சாப்பிடாத பிள்ளை எதுவென்று கேட்டு, அதன் தட்டில் இன்னும் இரண்டு அப்பம் வைப்பாள்.

இருபத்திரண்டு வயதில் இந்த வீட்டுக்கே மருமகளாக வந்தவள் அவள். எட்டுப் பேர் படுக்கிற மாடி அறை, அன்றைக்கு அவளும் புருஷன் ஸ்திலியானும் படுத்த அறை. ஸ்திலியான் பக்கத்து ஊர் கப்ரோவோவுக்குப் பேருந்து ஓட்டினான். ஒரே மகள் ஸ்பெயினுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். ஒரு பனிக்காலத்தில் கூரை பாதி இறங்கிவிட்டது. எடுத்துக்கட்ட வக்கில்லாமல், கிராசென் என்கிற பையனுக்கு வீட்டை விற்றார்கள். முற்றத்தை ஒட்டின கீழறை மட்டும் கடைசிவரை தங்களுக்கு என்று பேச்சு. கிராசென் விடுதி தொடங்கியதும் வெலிச்கா விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள். வீட்டுக்காரியாக இருந்த இடத்திலேயே வேலைக்காரியா என்று ஊர் நாலுவிதமாகப் பேசத்தான் செய்தது.

"நாப்பது வருஷமா பெருக்கின வீட்டைத்தானே இப்பவும் பெருக்குறேன்? இப்பவாவது ஒருத்தன் சம்பளம் தர்றான்" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தாள்.

போன ஏப்ரல் கடைசியில் ஸ்திலியான் செத்துப்போனான். முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தவன், தலை சுற்றுகிறது என்று பெஞ்சில் உட்கார்ந்தான். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை.

அவனுக்கு ஒரு தம்பி உண்டு, பென்யோ. தம்பி என்றால் அரைமணி நேரத் தம்பி. இரட்டைப் பிள்ளைகள். பட்டாளத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மீசை, உதட்டை மூடித் தொங்குகிற தடித்த மீசை. இவனும் பேருந்து ஓட்டினவன்தான். இரண்டு பேரும் ஒரே வழித்தடம். இவனிடம் சொல்ல வேண்டிய குறையை அவனிடம் சொல்லிச் சண்டை பிடித்த பயணிகள் எத்தனையோ பேர். பென்யோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு சந்து மேலே தனியாக இருந்தான்.

அண்ணனைப் புதைத்த மறுநாள் காலை எட்டு மணிக்கு, பென்யோ முற்றத்துக்கு வந்து பந்தலுக்கடியில் உட்கார்ந்தான். வெலிச்கா அடுப்பில் காபி ஏற்றினாள். ஸ்திலியானின் நீலக் கோப்பையில், ஸ்திலியானுக்குப் போடுகிற மாதிரியே இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் காபி கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவன் குடித்தான். மீசையில் பட்ட காபியை இடது கையின் பின்புறத்தால் துடைத்தான். ஸ்திலியானும் அப்படித்தான் துடைப்பான்.

அன்றிலிருந்து தினமும் எட்டு மணி. பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். வெலிச்கா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பத்து நிமிடம் அவளுக்கு ஸ்திலியான் சாகவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஊரில் ஒருவர் செத்தால், படத்தோடு ஒரு தாள் அச்சடித்துக் கதவில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. மின்கம்பத்தில், பேருந்து நிறுத்தத்தில், கோயில் மதிலில், எங்கே பார்த்தாலும் செத்தவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் கிழிக்க மாட்டார்கள். மழை பெய்து தானாக உரிந்தால்தான் உண்டு.

நாற்பதாம் நாள் தாளை வெலிச்கா விடுதிக் கதவில் ஒட்டினாள். அன்று டென்மார்க்கிலிருந்து இரண்டு பெண்கள் வந்திறங்கினார்கள். இது என்னவென்று கேட்டார்கள். கிராசென் எடுத்துச் சொன்னான். பாவம், கண் கலங்கி வெலிச்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல பெண்கள்தான். மறுநாள் காலை வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு முற்றத்துக்கு இறங்கி வந்தால், கதவில் செத்துப்போயிருந்த மனுஷன் பந்தலுக்கடியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறான்! அதோடு விட்டானா? மரியாதை தெரிந்தவன் ஆயிற்றே, கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவேறு வைத்தான்.

அலறின அலறலில் எதிர் வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். விடுதியைப் பற்றி இணையத்தில் இப்படி எழுதினார்கள்: "சுத்தமான இடம். காலைச் சாப்பாடு அருமை. ஆனால் இறந்துவிட்டதாக வாசலில் ஒட்டியிருப்பவர் முற்றத்தில் காபி குடிக்கிறார்." அதைப் படித்துவிட்டுப் பதினோரு பேர் வரவில்லை. கிராசென் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆறாம் மாதத் தாளை வெலிச்கா அவனுக்காகப் பேருந்து நிறுத்தத்தில் மட்டும் ஒட்டினாள்.

இப்போது வருஷம் வந்துவிட்டது. அச்சுக்கடையிலிருந்து தாளை வாங்கி வந்து சமையலறை மேசையில் வைத்திருந்தாள். கிராசென் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அத்தை, அடுத்த வாரம் போர்ச்சுகல்லேர்ந்து காலேஜ் பசங்க இருபத்தாறு பேர் வர்றாங்க."

"வரட்டும். அப்பத்துக்கு மாவு இருக்கு."

"மாவைப் பத்தி யாரு கேட்டா? இந்தப் பேப்பர்..."

"கதவுல ஒட்டப்போறேன்."

"பஸ் ஸ்டாப்புல ஒட்டுங்களேன் அத்தை. கோயில்ல ஒட்டுங்க. வேணும்னா நானே ஊர் பூரா ஒட்டிட்டு வர்றேன்."

"கிராசென், அவரு பொறந்த கதவு இது. வருஷப் பேப்பர் வீட்டுக் கதவுல இல்லேன்னா என்ன அர்த்தம்? அந்த வீட்டுல அவரை நெனைக்க ஆளே இல்லேன்னு அர்த்தம். நான் இங்க உசுரோட இருக்கறப்போ அப்படி விடுவேனா?"

கிராசென் மோசமானவன் இல்லை. அவன் அப்பாவின் தாளும் எங்கோ ஒரு கதவில் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான்.

"சரி, ஒட்டுங்க. ஆனா ஒண்ணு. பேப்பர் கதவுல இருந்தா பென்யோ மாமா முற்றத்துல இருக்கக் கூடாது. அந்தப் பசங்க கிளம்பற வரைக்கும், ஒரே ஒரு வாரம். ரெண்டு முகமும் ஒரே வீட்டுல வேணாம் அத்தை. என் பொழப்பு போயிடும்."

யாருக்கும் சுடச்சுடப் பதில் சொல்கிற வெலிச்கா மாவு டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக நின்றாள். கதவில் ஒட்டாவிட்டால் செத்தவனுக்குத் துரோகம். ஒட்டினால் ஒரு வாரத்துக்கு அந்த முகம் கிடையாது. அதுவும் வருஷ நாளன்றைக்கே! செத்தவன் பேரில் அன்று கொடுக்கிற அவித்த கோதுமையை முதலில் வாங்க வேண்டிய கை தம்பியின் கைதானே?

பென்யோ வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தான்.

"பேப்பரை ஒட்டுங்க அண்ணி. ஒரு வாரம் காபி குடிக்கலேன்னா நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்" என்றான். சொன்ன பிறகு தான் சொன்னது உறைத்து, "அதாவது... நானும்..." என்று இழுத்தான்.

"வாயைக் கழுவு" என்றாள் வெலிச்கா.

"பத்து மணிக்குக் கல்லறைக்கு வந்துடறேன். கோதுமையை அங்கேயே குடுங்க."

"வீட்டுல குடுக்கறதும் கல்லறையில குடுக்கறதும் ஒண்ணா?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இந்த மூஞ்சியை எங்க கழட்டி வைக்கிறது?"

அன்று அவன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அவள் வெகுநேரம் அந்தப் பாதிக் காபியைக் கொட்டவில்லை.

போர்ச்சுகல் பிள்ளைகள் வந்தார்கள், திட்டு வாங்கினார்கள், செருப்பைக் கழற்றினார்கள். வருஷ நாளுக்கு முந்தின சாயங்காலம் வெலிச்கா நான்கு மூலையும் தடவித் தடவித் தாளை ஒட்டினாள். தொங்குமீசையோடு ஸ்திலியான் சந்தைப் பார்த்தான். "ஒரு வருடம், நீ இல்லாமல்" என்று கீழே அச்சடித்திருந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டும்போது குரலைத் தணித்துக்கொண்டார்கள். ஒருவன் தொப்பியைக்கூட எடுத்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

காலையில் கோதுமையை அவித்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து, மேலே சர்க்கரைப் பொடியால் சிலுவை போட்டுப் பெரிய தாம்பாளத்தில் வைத்தாள். இரண்டு பிள்ளைகள் அதைக் காலைச் சாப்பாடு என்று நினைத்துக் கிண்ணத்தோடு ஓடிவந்தார்கள்.

"கையை எடு! இதை முதல்ல வாங்க ஆள் இருக்கு" என்று கரண்டியால் அவர்கள் கையைத் தட்டிவிட்டாள். ஆள் எங்கே இருக்கிறது? அவளுக்கே சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மணி எட்டு அடித்தது. பழக்கதோஷம், காபி அடுப்பில் ஏறியிருந்தது, நீலக் கோப்பை மேசையில் இருந்தது. பந்தலுக்கடியில் பெஞ்ச் காலியாகக் கிடந்தது.

அப்போது வாசலில் யாரோ உள்ளே வருகிற சத்தம். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வயசான ஆள் ஒருவர், கோட்டுப் போட்டுக்கொண்டு, காலில் பூட்ஸோடு நடுக்கூடத்தில் நின்றார்.

"ரூம் ரெண்டு மணிக்கு மேலதான்! மொதல்ல பூட்ஸைக் கழட்டுங்க!" என்று கத்தினாள்.

வந்தவர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார்.

"நாப்பது வருஷமா இதே திட்டு. கொஞ்சம் மாத்தித் திட்டக் கூடாதா அண்ணி?"

வெலிச்கா அப்படியே நின்றுவிட்டாள். குரல் பென்யோவுடையது. முகம் யாருடையதோ. மூக்குக்குக் கீழே தோல் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது. மெல்லிய உதடு, ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு. அந்தத் தழும்பை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"பென்யோ! என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கே?"

"கதவுல இருக்கறவன் வேற, நான் வேற. இப்ப யாரும் அலற மாட்டாங்க. அந்தப் பசங்களைப் பாருங்க, ஒருத்தனாவது திரும்பிப் பார்க்கறானா?" அவன் குரலில் ஒரு சின்னப்பிள்ளைப் பெருமை இருந்தது. "வருஷத்தன்னைக்கு வீட்டுல வந்து வாங்காம இருப்பேனா?"

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். கிராசென் படியில் பாதி இறங்கி அங்கேயே நின்றான்.

"அழிச்சிட்டியே... நான் இனிமே யாரைப் பார்ப்பேன்?"

கேட்டே விட்டாள். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாதது வாயிலிருந்து விழுந்துவிட்டது.

பென்யோ மேலுதட்டைத் தடவிக்கொண்டான். அங்கே ஒன்றும் அகப்படாமல் கை கீழே இறங்கியது. "வளர்ந்துடும் அண்ணி" என்றான் மெதுவாக. "ரெண்டு மாசத்துல வளர்ந்துடும்."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். கிண்ணத்தில் கோதுமை எடுத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, செத்தவர்களுக்குச் சொல்கிற வழக்கப்படி, "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்றான். அதற்கப்புறம்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், கிராசெனுக்கும் கொடுத்தாள்.

காபி பொங்கிவிட்டிருந்தது. நீலக் கோப்பையில் ஊற்றப் போனாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டவள், எதிரே உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்தாள். மீசை இல்லாத, தழும்பு வைத்த, கொஞ்சம் பயந்த முகம். கரண்டி டப்பாவிலேயே நின்றது.

"பென்யோ, உனக்குச் சர்க்கரை எத்தனை?"

அவன் தயங்கினான். "எனக்குச் சர்க்கரை வேணாம் அண்ணி. சின்ன வயசுலேர்ந்தே போட்டுக்கறதில்லை."

"ஒரு வருஷமா ரெண்டு கரண்டி போட்டுக் குடுத்தேனே! தினமும் குடிச்சியே! ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னியா?"

"அது எனக்குப் போட்ட காபி இல்லையே அண்ணி" என்றான் பென்யோ.

வெலிச்கா டப்பாவை மூடினாள். நீலக் கோப்பையைக் கழுவித் துடைத்து மேல்தட்டில் வைத்தாள். பிறகு அவனுக்கென்று அலமாரியில் வேறொரு கோப்பையைத் தேடினாள்.