காரில்லாத இடத்து நாற்காலி

பிட்ஸ்பர்க் நகரத்து மலைச்சரிவுத் தெரு ஒன்றில் பெர்னடீன் ஹூடாக் குடிவந்து ஐம்பத்தொரு வருடம். கணவன் மைலோ எஃகு ஆலைக்காரன். வேலை முடிந்ததும் நேரே நிலவறைக்கு இறங்கி, கரியெல்லாம் கழுவிவிட்டுத்தான் மேலே வருவான். அவளுக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவன் படியேறும்போது அவள் இறங்குவாள். நடுப்படியில் ஒரு முத்தம், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

வாசலுக்கு எதிரே தெருவோரப் பனியை வழித்துக் காருக்கு இடம் பண்ணியதும், இது என் இடம் என்பதற்கு அடையாளமாக மைலோ அங்கே சமையலறை நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவான். தெருவில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அவன் இறந்து ஆறு வருடம் ஆயிற்று. கார் விற்றாயிற்று. நாற்காலி மட்டும் அங்கேயே நின்றது. தெருவும் அந்த இடத்தை விட்டுவைத்தது.

முழங்கால் படியேற மறுத்ததும் வீட்டை விற்கத் துணிந்தாள். வாங்குகிறவர் குடியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது.

"நானும் பொண்டாட்டியும் இங்கதான் இருக்கப் போறோம்மா," என்றான் வாங்க வந்த ட்ரெவர். அவள் விலையைக் குறைத்தாள். ஒப்பந்தத்தின் முதல் தாளை அவன் சட்டென்று புரட்டினான். "இது அரசாங்கத்துக்காக வைக்கிறதும்மா." கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பதாம் நாள் அந்நியர் இருவருக்கு வீட்டைக் காட்ட வந்தவன், நாற்காலியைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டுக் காரை நிறுத்தினான்.

பக்கத்து வீட்டு ரொசெல்லா ஜன்னலைத் திறந்தாள். "குடியிருக்க வர்றவன் நாற்காலியத் தூக்குவானாடி?"

பெர்னடீன் உள்ளே போய் அந்த முதல் தாளை எடுத்தாள். நோயாளிகளின் வீட்டாரிடம், "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்று முப்பத்துநாலு வருடம் சொன்னவள் அவள். மாநிலத்தின் புதுச் சட்டப்படி தடித்த எழுத்தில் இருந்தது: வாங்குகிறவர் இந்த ஒப்பந்தத்தையே வேறொருவருக்கு லாபத்துக்கு விற்கலாம், விற்பவர் முப்பது நாளுக்குள் ரத்து செய்யலாம்.

தாளோடு வாசலுக்கு வந்தாள். "உன் பொண்டாட்டி பேரென்ன தம்பி?"

அவன் அந்நியர்களைத் திரும்பிப் பார்த்தான். "என்னம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருந்துச்சு. அதான் படிக்கல. இப்பப் படிச்சிட்டேன்."

அன்றைக்கே ரத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். திரும்பி வந்து, மைலோவின் நாற்காலியைத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள்.

"காரே இல்ல, இன்னும் எதுக்குடி அது?" என்றாள் ரொசெல்லா.

"அடுத்து வீடு வாங்க வர்றவன் எங்க நிறுத்துறான்னு பாக்கத்தான்."