கித்தேரி ஆயா நடத்திவைத்த வரவேற்புச் சடங்கு

செண்பகனூர் கித்தேரியம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் அது ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் பேசுகிற இங்கிலீஷ். கல்யாணத்துக்கு முன்பே கொடைக்கானலில் ஒரு வெளிநாட்டு வாத்தியார் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனவள், ஐம்பதைத் தாண்டும்வரை வீடு மாற்றி வீடு அதே வேலைதான் பார்த்தாள். அந்த வீடுகளில் பெரியவர்கள் அவளிடம் அளந்துதான் பேசுவார்கள். பிள்ளைகள் ஓயாமல் பேசினார்கள். அதனால் சாப்பிடு, தூங்கு, அழாதே, கையைக் கழுவு, மன்னிப்புக் கேள் என்பதெல்லாம் அவள் வாயில் வெள்ளைக்காரி மாதிரியே வரும். மற்றது சுமார்தான்.

அதை வைத்துக்கொண்டு அவள் யாருக்கும் அஞ்சியதில்லை. ஒருநாள் ஏரிக்கரையில், நரைத்த தாடியோடு ஒரு வெளிநாட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைப் புல்லில் வீசிவிட்டு நடந்தார். கித்தேரியம்மாள் இடுப்பில் கை வைத்து, "நாட்டி பாய்! பிக் இட் அப்!" என்று ஒரு சத்தம் போட்டாள். அவர் குனிந்து எடுத்தார். "சே சாரி" என்றாள். சொன்னார். "குட் பாய்" என்று முதுகில் தட்டி அனுப்பி வைத்தாள். கடைக்காரர்கள் அதைப் பல நாள் சொல்லிச் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவே இல்லை.

இந்தக் கதை அருள்பிரகாஷ் காதுக்கும் எட்டியிருந்தது. ஊர் ஊராகத் தொண்டு செய்ய வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை மலைக்கிராமங்களுக்கு அனுப்பிவைக்கிற சின்ன அலுவலகம் ஒன்றை அவன் நடத்தி வந்தான். வழக்கமாகப் பேச்சை மொழிபெயர்க்கும் சுஜிதா காய்ச்சலில் படுத்துவிட்டாள். காலையில் வெள்ளனே அவன் கித்தேரியம்மாள் வாசலில் வந்து நின்றான்.

"ஆயாம்மா, இன்னைக்கு ஒரு நாள் சோலிதான். டென்மார்க்குல இருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. இங்ரித்துன்னு பேரு. கிராமத்துக்கு மொத தடவை போகுது. அது சொல்றத ஊருக்குச் சொல்லணும், ஊரு சொல்றத அதுக்குச் சொல்லணும். அம்புட்டுதான்."

"அழுவுமா?"

"இருபத்தி நாலு வயசுப் பொண்ணு ஆயாம்மா."

"அழுவாதுன்னா வாரேன்."

டிரைவர் ஃபஹீமின் ஜீப் அடுக்கம் ஊர் வழியாக மலையிறங்கியது. பின்சீட்டில் பெயிண்ட் டப்பாக்கள் குலுங்கின. இங்ரித் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒவ்வொரு வளைவுக்கும் "ஓ!" என்றாள். அவள் நாட்டில் மலையே கிடையாதாம். கித்தேரியம்மாள் அவள் தலையைப் பிடித்து உள்ளே இழுத்து, "ஹெட் இன்சைட். சிட் நைஸ்லி" என்றாள். ஃபஹீம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

அடுக்கத்தைத் தாண்டிச் சரிவில் இருந்தது அந்தச் சிற்றூர். காப்பிச் செடிகளுக்கு நடுவே கொஞ்சம் வீடுகள், ஓர் அங்கன்வாடி. ஆண்கள் மிளகு பறிக்கக் கேரளாப் பக்கம் போயிருந்தார்கள். பெண்கள் அங்கன்வாடி வாசலில் கூடியிருந்தார்கள். முன்னால் நின்றவள் கந்தம்மாள். அந்த ஊரில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

இங்ரித் கைகூப்பிவிட்டு நெஞ்சில் கை வைத்துப் பேசினாள். நான் கற்றுக்கொடுக்க வரவில்லை, கற்றுக்கொள்ளவே வந்தேன். உங்களில் ஒருத்தியாக உழைக்க ஆசைப்படுகிறேன். இந்த அங்கன்வாடிச் சுவரை வண்ணமயமாக்கித் தருவேன். நல்ல நிறங்களைப் பார்த்தால் குழந்தைகளின் மூளை மலரும். இப்படி நீளமாகப் போனது. கித்தேரியம்மாளுக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியையும் சுருக்கினாள்.

"பாப்பாவுக்குச் சுவத்துல பெயிண்ட் அடிக்கணுமாம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கந்தம்மாள் சுவரைக் காட்டினாள். "யக்கா, நீயே பாரு. வாரவுக எல்லாரும் இந்தச் சுவத்தைத்தான் பிடிக்கிறாக. மொத வந்தவுக ஒட்டகச்சிவிங்கி வரைஞ்சாக. அடுத்து வந்தவுக அதுமேல கப்பல் விட்டாக. இன்னும் காது தெரியுது பாரு." உண்மைதான், கப்பலின் கொடிமரத்துக்குப் பக்கத்தில் இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருந்தன. "இன்னொரு கோட்டு அடிச்சா சுவரு தடிச்சு உள்ள வந்துரும், பிள்ளைக உக்கார எடம் இருக்காது. எங்களுக்குத் தண்ணியில்லாம தொண்டை காயுது. காட்டுமாடு ஓஸ் பைப்பை மிதிச்சுப் போட்டுருச்சு. புதுசு வாங்கி அந்தா கெடக்கு. ஊத்துவாய்ல சொருகணும்னா பாறைக்கு மேல எட்டணும். என் வீட்டுக்காரரு ஒருத்தருக்குத்தான் எட்டும். அவரு வண்டிப்பெரியாத்துல இருக்காரு."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, இங்ரித்தைக் கால் முதல் தலைவரை பார்த்தாள். தலை வெகுதூரத்தில் இருந்தது. மற்ற பெண்களும் பார்த்தார்கள். கித்தேரியம்மாளும் பார்த்தாள்.

"வாட் டிட் ஷி சே?" என்று இங்ரித் ஆவலாகக் கேட்டாள்.

படம் வரைந்து கொண்டுவந்து நீட்டுகிற பிள்ளையின் முகம் அப்போது அவளுக்கு. அந்த முகத்தைப் பார்த்து, உன் படம் வேண்டாமாம் என்று சொல்ல ஆயாவுக்கு நாக்கு வரவில்லை. அதே நேரம் ஊருக்குத் தண்ணீரும் வர வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சமாளிக்க, வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டாள். ஊர் ரொம்ப சந்தோஷப்படுகிறது. ஆனால் சுவரைத் தொடுமுன் ஒரு வரவேற்புச் சடங்கு உண்டு. புது விருந்தாளி மலைமேல் ஊற்றுக்குக் குழாயைச் சுமந்துபோய்த் தன் கையால் பொருத்த வேண்டும். காலம் காலமாக இதுதான் வழக்கம்.

இங்ரித்தின் கண்கள் விரிந்தன. "ஃபார் மீ?"

"ஒன்லி ஃபார் யூ. குட் கேர்ள். கேரி."

குழாய்ச் சுருளின் ஒரு பக்கம் இங்ரித், மறுபக்கம் கந்தம்மாள். பின்னால் அரிவாளும் கயிறுமாகப் பெண்கள். ஆயா அவர்கள் காதிலும் விஷயத்தைப் போட்டிருந்தாள்; சடங்கென்றால் சத்தம் வேண்டாமா என்று யாரோ குலவையிட்டார்கள். மலையறியாத பெண் இரண்டாவது ஏற்றத்திலேயே மூச்சு வாங்கினாள். சோலைக்குள் நுழைந்ததும் அட்டை ஏறி, கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. அவள் வீறிடப் போனபோது கித்தேரியம்மாள் உப்பைத் தடவி அட்டையை உதறிவிட்டு, "ஆல் கான்! நோ க்ரையிங்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் தூக்கினாள் அந்தப் பெண்.

ஊற்றுப்பாறையில் அவள் குதிகாலை உயர்த்திக் கையை நீட்டினாள். எட்டியது. குழாயைச் செருகிக் கல்லை வைத்து இறுக்கினாள். பெண்கள் போட்ட கூச்சலில் காட்டுக்கோழி பறந்தோடியது. கீழே இறங்கி வந்தபோது அங்கன்வாடித் தொட்டியில் செம்மண் கலந்த தண்ணீர் இருமி இருமி விழுந்து, பிறகு தெளிந்து ஓடிற்று. இங்ரித் தலையை அதில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

வினை ஃபஹீம் வடிவில் வந்தது. ஜீப்பில் சாய்ந்து நின்ற அவனிடம் அவள் பெருமையாகக் கேட்டாள், இந்தச் சடங்குக்கு என்ன பெயர் என்று. சுற்றுலாக்காரர்களோடு பழகி அவனுக்கு நல்ல இங்கிலீஷே வரும். "என்ன சடங்கு? அது பிளம்பிங் வேலைங்க" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டான்.

இங்ரித் திரும்பினாள். கித்தேரியம்மாள் ஃபஹீமை முறைத்தாள். 'ஏலே ஃபஹீமு, உனக்கு இருக்குடி பூசை' என்று மனசுக்குள் திட்டினாள். இந்தப் பெண் கோபித்துக்கொண்டு போனால், அடுத்து வருகிறவர்களையும் இந்த ஊர்ப்பக்கம் விடமாட்டார்களே என்ற பயம் வேறு.

"சாரி" என்றாள், தலையைக் குனிந்து. முப்பது வருஷமாக அடுத்தவர்களைச் சொல்லவைத்த அந்தச் சொல்லை அவளே சொல்வது அதுதான் முதல் தடவை.

இங்ரித் முகத்தில் சிரிப்பே இல்லை. எங்கள் நாட்டிலும் ஒரு பழைய வழக்கம் உண்டு, என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். மொழிபெயர்க்க வந்தவர்தான் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். காலம் காலமாக. சொல்லிவிட்டு மஞ்சள் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை நீட்டினாள்.

கந்தம்மாளுக்கு மொழி தெரியாவிட்டாலும் விஷயம் விளங்கிவிட்டது. "அடி யக்கா, சேலையைத் தூக்கிச் சொருகு!" என்று கைகொட்டினாள். அப்புறம்தான் இங்ரித் வெடித்துச் சிரித்தாள். நிற்க முடியாமல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தே போனாள்.

கித்தேரியம்மாள் பிரஷ்ஷைப் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு மாடு வரைந்தாள். அது மாடென்று அவள் சொன்னாள். நாற்காலி என்றார்கள் பிள்ளைகள். இங்ரித் அதற்குக் கொம்பு வைத்துக் கொடுத்த பிறகு, கொம்பு முளைத்த நாற்காலி என்று ஒப்புக்கொண்டார்கள். மாலையில் கந்தம்மாள் ஒரு பை நிறைய பட்டர் ஃப்ரூட் கொடுத்து ஜீப் ஏற்றினாள். ஃபஹீமுக்கு மட்டும் ஆயா ஒரு பழமும் தரவில்லை. செண்பகனூர் வரும்வரை அவனோடு பேசவும் இல்லை.

மறுநாள் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல வலிக்க, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அருள்பிரகாஷ் போன் செய்தான். சுஜிதாவே வேண்டாமாம், ஆயாதான் வேண்டுமாம். இங்ரித் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாளாம்.

"அடுத்த மாசம் கொரியாவுல இருந்து அஞ்சு பேரு வாராங்க ஆயாம்மா. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

கித்தேரியம்மாள் யோசித்தாள். போன மழையில் ஓரம் சரிந்து கிடக்கிற கந்தம்மாள் ஊர்ப் பாதை கண்முன் வந்தது.

"அது சரி தம்பி. கல்லு மண்ணு தூக்குற ஆளுகளா?"