ஏழே முக்கால் வரை

ஆம்பூரில் நான் சிஸ்டம் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் சர்வருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கரண்ட் போய் வந்தால், யாராவது பாஸ்வேர்டு போட்டால்தான் எழுந்திருக்கும். அது எழாவிட்டால் கேட்டில் விரல் வைக்கும் மெஷின் வேலை செய்யாது. தைக்கிற பெண்கள் டிபன் பையோடு ரோடு வரை நிற்பார்கள்.

பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள், வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் ஆபா. உருதுவில் அக்கா என்று அர்த்தம். முதலாளிக்கும் அவர் ஆபாதான். எனக்கு முன்னிருந்தவர் அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆபா வாணியம்பாடி ரயிலில் வந்து ஏழரைக்கெல்லாம் புர்காவைக்கூடக் கழற்றாமல் அந்தக் கும்பகர்ணனை எழுப்புவார். அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். கேட்டில் ஒரே ரகளை. "ஆளே இல்லாம ஏந்துக்கிற மாதிரி பண்ணு" என்றார் மேனேஜர். பாஸ்வேர்டை ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் சர்வரே படித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் ஆபாவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. விரலுக்குத்தான் தெரிந்திருந்தது. காய்ச்சல் விட்டு அவர் வந்ததும் ஃபைலைத் திறந்து கொடுத்து டைப் செய்யச் சொன்னேன். எப்போதும் பாஸ்வேர்டு போடும்போது திரையில் ஒன்றும் தெரியாது. அன்றுதான் அந்த எழுத்துகளைக் கண்ணால் பார்த்தார்.

"இம்மா நாளா இதையா போட்டுக்கினு இருந்தேன்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ இனிமே என்னைக் கேக்காதா?"

எனக்குச் சுருக்கென்றது. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த மனுஷியின் பெருமையை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"கேக்கும் ஆபா" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு திருட்டுத்தனம் செய்தேன். ஏழே முக்கால் வரை சர்வர் கேட்டுக்கொண்டு நிற்கும். அதற்குள் யாரும் போடாவிட்டால் தானே எழும். பாம்பும் சாகாமல் கம்பும் ஒடியாமல் சமாளித்துவிட்டதாக எனக்கு ஒரே மிதப்பு.

ஆபா ஓய்வு பெறும் கடைசி நாள் காலையிலும் கரண்ட் போய் வந்திருந்தது. வந்தார், உட்கார்ந்தார், கீபோர்டைத் தொடவே இல்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழே முக்காலுக்கு அது தானாக எழுந்தது.

"ரயிலு லேட்டான அன்னிக்கே பாத்துட்டேன்பா, நான் வர்றதுக்குள்ள ஏந்துக்கினு இருந்துச்சு" என்றார். "கேட்டா நீ சங்கடப்படுவியேன்னு சும்மா இருந்தேன்."

ஆபா ஓய்வு பெற்றுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. எதற்கு இந்தக் காத்திருப்பு என்று புது மேனேஜர் கேட்கிறார். எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கரண்ட் போன நாளில் எங்கள் சர்வர் இன்றும் ஏழே முக்கால் வரை கேட்டுக்கொண்டு நிற்கிறது.