வெடித்த விண்மீனும் ஒரு விண்ணப்பமும்

நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். சேலத்தில் முதுகலை படித்தபோது என் விடுதி அறையில் இருந்த தோழி, இப்போது காமா கதிர் வெடிப்புகளை ஆராய்கிறவள், எங்கள் மாணவர்களிடம் பேச வந்தாள். அழைத்தது நானல்ல, தலைமையாசிரியர். ஆராய்ச்சிக்கான நுழைவுத் தேர்வில் அவளைவிட எனக்குத்தான் மதிப்பெண் அதிகம். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதால் நான் போகவில்லை, அவள் போனாள். இதை யாரும் கேட்காமலே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அரங்கில் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். என் வகுப்பில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. மிகப் பெரிய விண்மீன்கள் வெடித்துச் சாகும்போது சில வேளை காமா கதிர் பீறிடுகிறது என்றாள். அவளை மடக்கவே எழுந்தேன்.

"ரெண்டும் ஒரே திசையில தற்செயலா நடந்திருக்கலாமே. சம்பந்தம் இருக்குன்னு எப்படிங்க சொல்றீங்க?"

அவள் முகம் சுளிக்கவில்லை. காமா கதிர் சில நொடிகளில் அடங்கிவிடும், அது விட்டுப்போகும் பின்னொளி நாள்கணக்கில் மங்கும், அது மங்க மங்க அதே இடத்தில் வெடித்த விண்மீனின் ஒளி ஏறும், அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் விண்மீன் வெடித்ததன் அடையாளம் தெரியும், இப்படிப் பலமுறை பார்த்தாயிற்று என்றாள். ஆனால் வெடிக்கிற விண்மீன் எல்லாம் காமா கதிரை வீசுவதில்லையாம்.

"பக்கத்துல நடந்த, ரெண்டு நொடிக்கு மேல நீடிச்ச சில காமா கதிர் வெடிப்புல, தேடியும் விண்மீன் வெடிச்ச தடயம் கிடைக்கலைங்க. ஏன்னு எனக்கு முழுசாத் தெரியாது."

தெரியாது என்பதை அத்தனை பேர் முன் சிரித்துக்கொண்டே சொன்னாள். இத்தனை வருடத்தில் நான் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. அதுதான் என்னை அதிகம் எரித்தது.

தினமும் என்னிடம் சந்தேகம் கேட்க வரும் மாணவி ஒருத்தி, லாரி ஓட்டுநரின் மகள், கூட்டம் முடிந்ததும் தோழியிடம் ஓடினாள். ஒரு வாரத்தில், தோழி வேலை பார்க்கும் ஆய்வு நிலையத்தின் கோடைப் பயிற்சிக்கான விண்ணப்பத்துடன் என்னிடம் வந்தாள். என் பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே ஐந்து நாள் அதை மேசைக்குள் வைத்திருந்தேன். வேறு வேலை ஒன்றும் எனக்கு இல்லை.

ஆறாம் நாள் மாணவி கேட்டாள்: "நான் அங்க போற அளவுக்குப் படிக்கலீங்களா மிஸ்? அதனாலதான் எழுதலீங்களா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீ நல்லாப் படிக்கிற சாமி. தப்பு எம்மேலதான்" என்றேன். அவளை நிற்க வைத்தே எழுதிக் கொடுத்தேன்.

பயிற்சிக்குப் போய்த் திரும்பியவள், அந்த அக்கா இப்படிச் சொன்னாங்க, அப்படிச் சொன்னாங்க என்று ஒரு மாதம் பேசினாள். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிந்தது. நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை. இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.